தலைமையாசிரியர் எங்கே உட்கார வேண்டும்?

கேள்வி: இருபது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். இந்தக் கல்வியாண்டில் அதே பள்ளியில் என்னைத் தலைமையாசிரியர் ஆக்கியிருக்கிறார்கள். காலை ஏழரைக்கு வந்தால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன். கோப்பு, கையெழுத்து, கூட்டம், பெற்றோர் புகார் என்று நாள் ஓடிவிடுகிறது. இதற்கு நடுவிலும் தினமும் இரண்டு முறை எல்லா வகுப்புகளையும் சுற்றி வருகிறேன். நேற்று வரை என்னோடு சிரித்துப் பேசிய ஆசிரியர்கள், இன்று நான் ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என்னைவிட மூத்த ஆசிரியை ஒருவர் இந்தப் பொறுப்பை எதிர்பார்த்திருந்தார். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தேர்ச்சி விகிதத்தை எப்போது உயர்த்துவீர்கள் என்று நிர்வாகம் கேட்கிறது. கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு ஆரம்பித்தேன், பெரிதாக மாற்றமில்லை. தலைமையாசிரியரின் வேலைதான் உண்மையில் என்ன? பழையபடி பாடம் நடத்தவே போய்விடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: அன்புள்ள தலைமையாசிரியருக்கு,

பாடம் நடத்தப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டாம். ஆனால் அந்த ஆசையை விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்தது அந்த ஒரு வரிதான். நாற்காலி பிடித்துப்போய் வகுப்பறையையே மறந்துவிட்ட பல தலைமையாசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் பதினாறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவன். அதனால் உங்கள் களைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆசிரியரும் போன மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சம் நன்றாகப் பாடம் நடத்துகிறாரா என்று பார்ப்பதும், அதற்கு வழி செய்து கொடுப்பதும்தான் உங்கள் வேலை. கோப்பும் கூட்டமும் அதற்காகத்தான். கென்னத் லீத்வுட் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும் 2004-இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கும் பள்ளி சார்ந்த காரணங்களில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு முதலிடம், பள்ளித் தலைமைக்கு இரண்டாமிடம் என்பது அதில் அவர்கள் கண்டது. அந்த இரண்டாமிடம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தலைமையாசிரியர் பெரும்பாலும் ஆசிரியர்கள் வழியாகத்தான் பிள்ளைகளைத் தொடுகிறார். ஆசிரியரைத் தொடாத நிர்வாகம் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் வரை போய்ச் சேராது.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பேசுவோம். முதலில், சுற்றி வருவதை நிறுத்துங்கள். இது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம், சுறுசுறுப்பான தலைமையாசிரியர் என்றாலே வராந்தாவில் நடந்துகொண்டிருப்பவர் என்றுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் மூவரும் சுமார் நூறு தலைமையாசிரியர்களின் நாள் எப்படிப் போகிறது என்று, மூன்று கல்வியாண்டுகளில், நாள் முழுக்கக் கூடவே இருந்து பதிவு செய்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. தலைமையாசிரியர் ஆசிரியரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்த நேரம் கூடிய பள்ளிகளில் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துவிட்டுப் போன நேரம் கூடிய பள்ளிகளில் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது.

காரணத்தை யோசித்தால் புரியும். நீங்கள் வாசலில் வந்து நின்றதும் நாற்பது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வார்கள். ஆசிரியர் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். பாடத்தின் ஓட்டம் அறுந்துபோகும். அந்த மூன்று நிமிடத்தில் சத்தம் இருக்கிறதா, ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா என்ற இரண்டைத் தவிர வேறு எதையும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஆசிரியர் மனதில் தங்குவதும் 'பார்த்துவிட்டுப் போனார்' என்ற ஒன்றுதான். என்ன பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. உங்களைக் கண்டதும் பேச்சு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுற்றுவதற்குப் பதிலாக உட்காருங்கள். ஒரு பாடவேளை முழுக்க, கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்குப் பக்கத்தில்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம். ஆசிரியர் நல்லவர், தயாரிப்போடு வருபவர். பின்னக் கூட்டலை அழகாகப் போட்டுக் காட்டினார். பலகையில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கடைசியில் "புரிந்ததா?" என்றார். "புரிந்தது சார்!" என்று கூரை அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்த பையனும் சேர்ந்துதான் கத்தினான். அவன் நோட்டில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, பலகையைப் பார்த்து, 5/6 என்ற சரியான விடையையும் எழுதி வைத்திருந்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. முன்னாலும் பக்கத்திலும் இருந்த ஆறு நோட்டுகளைப் பார்த்தேன். நான்கில் அதே 2/5.

அன்று மாலை அந்த ஆசிரியரோடு உட்கார்ந்தேன். 'உங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்குப் புரியவில்லை' என்று நான் சொல்லவில்லை. அந்த நோட்டை அவர் முன்னால் வைத்து, "இந்தப் பையன் என்ன நினைத்து இப்படிப் போட்டிருப்பான்?" என்று மட்டும் கேட்டேன். அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான் சார். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே" என்றார். மறுநாள் பாடத்தை அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தார். அப்புறம் அவராகவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தார். 'புரிந்ததா' என்று கேட்பதை விட்டுவிட்டு, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து ஒரு கணக்குப் போடச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் அடுத்த நாள் பாடத்தை முடிவு செய்தார். நான் செய்தது ஒன்றே ஒன்று. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க முடியாததைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துச் சொன்னேன்.

வாரத்துக்கு நான்கு பாடவேளை இப்படி உட்காருங்கள். இருபத்தைந்து ஆசிரியர்கள் இருந்தால் ஆறேழு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று நுழைந்தால் சோதனையாகிவிடும். ஆசிரியரைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளின் நோட்டை அதிகம் பாருங்கள். அன்றைக்கே, ஆறிப்போவதற்குள், பத்துப் பதினைந்து நிமிடம் பேசுங்கள். ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். ஐந்து குறை கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், மற்ற நான்கும் எங்கேயும் ஓடிவிடாது. அந்த ஒன்று என்ன ஆனது என்று பார்க்க, கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் போங்கள். பலரும் கோட்டைவிடுவது இந்த மறுபடிதான். திரும்பி வராதவர் சொன்னதை யாரும் ஆலோசனையாக எடுத்துக்கொள்வதில்லை.

இதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்ற முதல் வருடம் என் கையில் எப்போதும் ஒரு நோட்டும் சிவப்புப் பேனாவும் இருக்கும். பார்த்த குறைகளையெல்லாம் குறித்துக்கொண்டு, வாரக் கடைசியில் ஆசிரியர் கூட்டத்தில் வாசிப்பேன். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் ஆசிரியை அடுத்த வாரத்திலிருந்து வகுப்பின் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார். வராந்தாவில் சத்தம் என்று காரணம் சொன்னார். அந்தச் சாத்திய கதவை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் கதவைத் திறந்து வைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அதுவும் நடந்தது.

ஓய்வறையில் உங்களைப் பார்த்ததும் விழும் மௌனத்துக்கு வருகிறேன். அதில் ஒரு பகுதி பதவியோடு வருவது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர் முன்னால் யாரும் முன்போல மனம்விட்டுப் பேச மாட்டார்கள். ஆனால் மறுபகுதி நம்பிக்கை சார்ந்தது, அது உங்கள் கையில் இருக்கிறது. சிகாகோவின் தொடக்கப் பள்ளிகளை 1990-களில் ஆராய்ந்த ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-இல் எழுதியது இது: ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேற வாய்ப்பிருந்தது. நம்பிக்கை குறைந்த பள்ளிகளில் அந்த வாய்ப்பு ஏழில் ஒன்றுதான்.

நம்பிக்கை உடைவது பெரும்பாலும் பெரிய சண்டையில் இல்லை. சப்ஸ்டிட்யூஷன் நோட்டை எடுத்துப் பாருங்கள். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பு யார் தலையில் விழுகிறது? கடந்த இரண்டு மாதத்தை எண்ணிப் பாருங்கள். மறுத்துப் பேசத் தெரியாத இரண்டு மூன்று பேருக்கே திரும்பத் திரும்பப் போயிருக்கும். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டி, சுற்று முறையில் கொடுங்கள். பெற்றோர் ஒருவர் கோபமாக வந்தால், ஆசிரியரைக் கேட்காமல் அந்தப் பெற்றோர் முன்னால் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முடியாத எதற்கும் 'பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள், முடியாது என்றே சொல்லுங்கள். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் ஆசிரியர்கள் நம்மை எடைபோடுவது இவற்றை வைத்துத்தான்.

நல்ல சூழல் என்பது மனமகிழ்ச்சிக்கு மட்டுமான விஷயமும் கிடையாது. மேத்யூ கிராஃப்ட், ஜான் பாபே இருவரும் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆசிரியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒத்துழைப்பும் ஆதரவும் உள்ள பள்ளிகளில் வேலை செய்தவர்கள், அது குறைவாக உள்ள பள்ளிகளில் இருந்தவர்களைவிடப் பத்து ஆண்டுகளில் 38 சதவீதம் கூடுதலாகத் திறன் வளர்ந்திருந்தார்கள். ஆசிரியரின் திறமை அவர் கொண்டு வந்ததோடு நின்றுவிடுவதில்லை, அவர் வேலை செய்யும் பள்ளியும் அதை வளர்க்கிறது அல்லது வாட விடுகிறது.

கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரு வாரம், உங்கள் மேசைக்கு வந்த எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். உங்கள் முடிவு வேண்டியது எது, கையெழுத்து மட்டும் வேண்டியது எது, உங்களிடம் வந்திருக்கவே தேவையில்லாதது எது என்று பிரித்துப் பாருங்கள். மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். அதைத் துணைத் தலைமையாசிரியருக்கும் அலுவலகத்துக்கும் எழுத்தில் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துக்கு ஒரு நேரம் வையுங்கள், கடைசிப் பாடவேளை போதும். நீங்கள் வகுப்பில் உட்காரும் நான்கு பாடவேளைகளைக் கால அட்டவணையிலேயே அச்சடித்துப் போடுங்கள். தீ விபத்தைத் தவிர வேறு எதற்கும் அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிக்காதீர்கள். அதை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும், எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். கூட்டத்துக்குப் பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே கேள்விக்கு முப்பது பிள்ளைகள் எழுதிய பதிலை மேசையில் பரப்பி வைத்து, எங்கே இடறியிருக்கிறார்கள் என்று சேர்ந்து தேடுங்கள். நீங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கற்றுக்கொள்பவராக உட்காருங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2008-இல் சொன்னது இதைத்தான். தலைமையாசிரியர் செய்யும் எத்தனையோ வேலைகளில் பிள்ளைகளின் கற்றலோடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தானும் பங்கெடுப்பது. பயிற்சியைத் தொடங்கிவைத்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுவதில் அந்தப் பலன் கிடைக்காது.

இனி தேர்ச்சி விகிதம். மாலைச் சிறப்பு வகுப்பால் பெரிதாக மாற்றமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த 2/5 பையனை நினைத்துப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் அதை யாரும் பார்க்காமல் விட்டிருந்தால், கடைசி வகுப்பில் இயற்கணிதப் பின்னம் வரும்போது அவன் திணறுவான். அப்போது மாலை ஐந்து மணிக்கு, களைத்துப்போன அவனை உட்காரவைத்து, பகலில் நடத்திய அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு தடவை நடத்துவோம். ஓட்டை இருக்கும் இடம் வேறு, நாம் பூசும் இடம் வேறு. சிறப்பு வகுப்பைத் தொடர்வதானால் ஒரு வாரம் பாடத்தை நிறுத்திவிட்டு, எந்தப் பிள்ளை எந்த வகுப்புப் பாடத்தில் நின்றுவிட்டான் என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்திலிருந்து சின்னக் குழுக்களாக ஆரம்பியுங்கள்.

கூடவே, யாருக்கு எந்த வகுப்பு என்று போடும் அட்டவணையையும் பாருங்கள். பல பள்ளிகளில் கைதேர்ந்த ஆசிரியர்கள் எல்லோரும் தேர்வு எழுதும் வகுப்பில் இருப்பார்கள், எழுத்தும் எண்ணும் கற்கும் வகுப்பு புதிதாக வந்தவரிடம் போகும். நிர்வாகத்திடம் நேராகவே பேசுங்கள்: "இந்த ஆண்டுத் தேர்ச்சியில் கொஞ்சம் ஏற்றம் கொண்டுவர முயல்வேன். கீழ் வகுப்புகளைச் சரிசெய்ய மூன்று நான்கு ஆண்டுகள் கொடுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை பிள்ளைகள் தடையில்லாமல் வாசிக்கிறார்கள் என்ற கணக்கைக் கொண்டுவந்து காட்டுகிறேன்." வெறும் வாக்குறுதியைவிட அந்தக் கணக்கை அவர்கள் மதிப்பார்கள்.

வருகைப்பதிவேட்டையும் இன்னொரு விதமாகப் பாருங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் 95 சதவீத வருகை என்றால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் தினம் இரண்டு பேர் வரவில்லை என்றுதான் அதற்குப் பொருள். 200 வேலை நாளில் அது 400 விடுப்பு. அந்த 400-ம் பத்துப் பிள்ளைகளுடையதே என்றால், ஒவ்வொரு பிள்ளையும் நாற்பது நாள் பள்ளியில் இல்லை. ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பதிவேட்டில் அது 95 சதவீதம் என்றே நிற்கும். நாள் நாளாகக் கூட்டாமல், பெயர் பெயராகக் கூட்டிப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராத பிள்ளையின் வீட்டோடு நீங்களே பேசுங்கள். முதலில் 'ஏன் அனுப்பவில்லை' என்று கேட்காதீர்கள், 'என்ன கஷ்டம்' என்று கேளுங்கள்.

கடைசியாக அந்த மூத்த ஆசிரியை. இதை வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன், உங்கள் மனதில் அதிகம் உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். அவரைச் சமாதானப்படுத்தப் போகாதீர்கள். புதிதாக ஒரு பொறுப்பின் பெயரைக் கொடுத்துக் குளிர்விக்கவும் பார்க்காதீர்கள், அவருக்கு அது புரிந்துவிடும். அவர் நல்ல ஆசிரியர் என்று நீங்கள் உண்மையிலேயே நினைத்தால் அதைக் காரியத்தில் காட்டலாம். தலைமையாசிரியரான பிறகும் ஏதாவது ஒரு வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை அறிவியல் நடத்துங்கள். நீங்கள் விட்டுவிட ஏங்கும் நாற்காலிக்கும் விட மனமில்லாத பலகைக்கும் நடுவே உங்களுக்கு அது தேவை. பிறகு அவரிடம் போய், "நாளைக்கு மூன்றாம் பாடவேளை நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா, மேடம்?" என்று கேளுங்கள்.

அவர் வந்து உட்கார்ந்து, உங்கள் பாடத்தில் ஒரு குறை சொன்னால், மறுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரக் கூட்டத்தில் அவர் முன்னாலேயே மற்றவர்களிடம் அதைச் சொல்லுங்கள்: என் பாடத்தில் மேடம் இதைக் கண்டுபிடித்தார், இப்படி மாற்றிக்கொண்டேன் என்று. அதற்குப் பிறகு மற்ற வகுப்புகளுக்கு உட்காரப் போங்கள்.